பந்தயக் காலத்தின் நடுவே ஒரு கிழமை ஓய்வு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தைப்பொங்கலோடு தொடங்கும் எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் துவிச்சக்கரவண்டி ஓட்டப் போட்டிகள், பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலத்தையும் சித்திரைப் புத்தாண்டு விழாக்களையும் கடந்து, கழகங்களின் ஆண்டு விழாக்கள், பிரதேச, மாவட்ட, மாகாண மட்டத் தெரிவுகள் என்று மாதக்கணக்கில் நீளுவதைத் தங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை வாசிப்பவர்கள் அறிவார்கள். இளைஞர்கள் மீண்டும் சைக்கிளில் ஏறிப் போட்டிக்கு வருவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகின்றது. ஆனால் இந்த நீண்ட காலத்தின் நடுவே ஒரு கிழமையேனும் அவர்களுக்கு ஓய்வு கிடைக்கின்றதா என்று போட்டிகளை ஒழுங்குசெய்பவர்களும் பயிற்றுநர்களும் பெற்றோரும் ஒருமுறை நின்று யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகின்றேன்.

இளவயதில் நானும் போட்டிகளில் ஓடியவன். இப்போது எங்கள் அயலிலுள்ள ஏழு பிள்ளைகளுக்கு, ஐந்து பெடியன்கள், இரண்டு பெண் பிள்ளைகள், விடியற்காலையில் பயிற்சி கொடுத்து வருகின்றேன். ஐந்து மணிக்கு அவர்கள் பலாலி வீதியால் புறப்பட, நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் வெளிச்சம் காட்டிக்கொண்டு போவேன். ஒவ்வொருவரிடமும் ஒரு சீ.ஆர். கொப்பி உண்டு. காலையில் கண் விழித்ததும், பாயை விட்டு எழும்புவதற்கு முன்னரே, மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்துச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் நாடித் துடிப்பை எண்ணி, அந்த எண்ணிக்கையை அதில் எழுத வேண்டும். முதல்நாள் ஓடிய தூரம், நித்திரை கொண்ட மணித்தியாலங்கள், சாப்பாட்டில் மனம் சென்றதா இல்லையா என்பவற்றையும் அருகே குறித்துக்கொள்வார்கள். விலை உயர்ந்த கருவி எதுவும் எங்களிடம் இல்லை. இந்தக் கொப்பிகளே எங்கள் கருவி.

இவர்களுள் பதினேழு வயதான ஒரு பெடியன் பொங்கல் போட்டியில் முதலாவதாக வந்தான். அதன் பின்னர் அவனைத் தேடி வராத கழகம் இல்லை. பங்குனியிலும் சித்திரையிலுமாக ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து ஓடினான். மூன்றாவது போட்டிவரை வெற்றிக் கிண்ணங்கள் வந்தன. நான்காவதில் ஐந்தாம் இடம், ஐந்தாவதில் பத்துப் பேருக்குள்ளும் இல்லை. வைகாசியில் நடந்த ஆறாவது போட்டியில், நெல்லியடிப் பக்கமிருந்து திரும்பி வரும்போது, வல்லை வெளியில் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று முகத்தில் அடிக்க, முன்னால் போன கூட்டத்தின் கடைசிச் சில்லைப் பிடித்துக்கொள்ள முடியாமல் அவன் தனித்துப் போனதை நான் பின்னால் இருந்து பார்த்தேன். ஒருவரின் பின்னால் ஒட்டி ஓடுகிறவனுக்குக் காற்றின் சுமை பெருமளவு குறையும். அந்த வெளியில் தனித்துப் போனவனுக்கு அன்றைய ஓட்டம் முடிந்தது என்றே பொருள். காலைச் சுழற்றினான், ஆனால் காலில் உயிர் இருக்கவில்லை.

அன்று மாலை அவனுடைய கொப்பியை வாங்கிப் புரட்டினேன். தை மாதம் முழுவதும் காலை நாடித் துடிப்பு 52, 53 என்று இருந்தது. சித்திரை நடுவில் 57. அந்த ஆறாவது போட்டிக்கு முந்திய மூன்று நாட்களும் 61, 63, 62. நித்திரை என்ற இடத்தில் "நாலு மணித்தியாலம், இடையில முழிப்பு" என்று எழுதியிருந்தான். கொப்பியை எழுதச் சொன்ன நானே அதை உரிய நேரத்தில் பார்க்கத் தவறியதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்த நாள் அவனுடைய தந்தையார் வந்தார். "அண்ணை, பொடியனுக்கு ஓட்டம் குறைஞ்சு போச்சு. விடிய இன்னும் பத்துக் கிலோமீற்றர் கூட்டி ஓட விடுங்கோ" என்றார். அவர் பிள்ளைமேல் அன்பில்லாதவர் அல்லர். கடன்பட்டு அவனுக்கு றேஸ் சைக்கிள் வாங்கிக் கொடுத்தவர். ஓட்டம் குறைந்தால் பயிற்சி போதாது என்று நினைப்பது எங்கள் எல்லோருக்கும் ஊறிய பழக்கம். படிப்பில் புள்ளி குறைந்தால் இன்னொரு ரியூசன் வகுப்பில் சேர்ப்பதும் அதே பழக்கந்தான். "இல்லைத் தம்பி, ஒரு கிழமை பயிற்சியை நிப்பாட்டுவம்" என்று நான் சொன்னபோது அவர் முகம் சுருங்கியதை இன்னும் மறக்கவில்லை.

பயிற்சி என்பது உடலை வலுப்படுத்துவதற்கு முன்னர் அதைத் தளர்த்துகின்றது என்பதைப் பலர் உணர்வதில்லை. கடுமையாக உழக்கும்போது தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. தசையில் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோசன் என்ற எரிபொருள் வற்றிப்போகின்றது. அச்சிதைவு திருத்தப்படுவதும், முன்னரிலும் சற்று வலுவாகத் தசை கட்டியெழுப்பப்படுவதும், எரிபொருள் மீண்டும் நிரம்புவதும் சைக்கிளில் இருக்கும்போது நடப்பவை அல்ல. சாப்பிட்டு நித்திரை கொள்ளும்போது நடப்பவை. நன்றாகச் சாப்பிட்டாலும் கிளைக்கோசன் முழுமையாக நிரம்ப ஒன்று முதல் இரண்டு நாட்கள் செல்லும். அந்த வேலை முடிவதற்கு முன்னரே அடுத்த சுமையை ஏற்றினால், கட்டி முடியாத மதிலின்மேல் கூரையைப் போட்டது போலாகும். இவ்வாறு கிழமைக்குக் கிழமை சுமை சேரும்போது ஓட்டம் விழுகின்றது. அதைக் கண்டு மேலும் பயிற்சியைக் கூட்டினால் இன்னும் விழுகின்றது.

ஐரோப்பிய விளையாட்டு விஞ்ஞானக் கல்லூரியும் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் 2013 இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை இந்த இறக்கத்தை மூன்று படிகளாகப் பிரித்துக் காட்டுகின்றது. முதற்படியில் இருப்பவன் சில நாள் ஓய்வில் தேறி, முன்னரிலும் நன்றாக ஓடுவான். இரண்டாம் படியில் இருப்பவனுக்குக் கிழமைகள் தேவை. மூன்றாம் படியில் விழுந்தவன் தேறுவதற்கு மாதங்கள் செல்லும். அந்தப் பருவமே அவனுக்கு இல்லாமற் போகலாம். எந்தப் படியில் நிற்கிறான் என்று அறிய ஒரு தனிப் பரிசோதனை கிடையாது என்பதாலேயே முதற்படியில் வைத்துப் பிடித்துக்கொள்வது முக்கியமாகின்றது.

எங்கள் மண்ணுக்குரிய ஒரு விடயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். மலைநாட்டில் ஓடுபவன் ஏற்றத்தில் வருந்தினாலும் இறக்கத்தில் உழக்காமலே போகின்றான்; அந்த நேரத்தில் கால் ஆறுகின்றது. யாழ்ப்பாணத்தில் இறக்கமே இல்லை. பருத்தித்துறைக்குப் போனாலும் காரைநகருக்குப் போனாலும் முதல் உழக்கிலிருந்து கடைசி உழக்குவரை கால் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். மலை இல்லாத எங்களுக்குக் காற்றே ஏற்றம். பண்ணைத் தாம்போதியில் பக்கக் காற்றோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது விளங்கும். ஆகவே மட்டமான தரைதானே, இதிலென்ன களைப்பு என்று கேட்பது சரியல்ல.

அவனுக்கு ஓய்வு கொடுத்த அந்தக் கிழமை நாங்கள் செய்ததைச் சற்று விரிவாகவே எழுதுகின்றேன். ஓய்வு என்றால் கட்டிலில் படுத்துக் கிடப்பது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியல்ல. திங்கட்கிழமை சைக்கிளைத் தொடவே கூடாது என்றேன். அப்போதுதான் ஒரு கணக்கு வெளிப்பட்டது. வீட்டிலிருந்து பாடசாலை 4 கிலோமீற்றர், ரியூசன் வகுப்பு 6 கிலோமீற்றர். போய்வர ஒரு நாளைக்கு 20, கிழமைக்கு ஆறு நாள் என்றால் 120 கிலோமீற்றர். புத்தகப் பையைச் சுமந்துகொண்டு, வெயிலில், நேரம் பிந்திவிடும் என்ற அவசரத்தில் ஓடிய இந்த 120 கிலோமீற்றரும் அவனுடைய கொப்பியிலும் இல்லை, என்னுடைய கணக்கிலும் இல்லை. கடைக்கும் மா அரைக்கும் ஆலைக்கும் அனுப்பும்போது ஓடுவது வேறு. அந்தக் கிழமை தந்தையார் அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்கினார். கடைக்குத் தங்கை போனாள்.

செவ்வாய்க்கிழமை நாற்பது நிமிடம், பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் கதைத்துக்கொண்டு போகக்கூடிய வேகத்தில் ஓடினான். புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமை ஒரு மணித்தியாலம். அதற்குள் மூன்று தடவை மட்டும் அரை நிமிட விரைவோட்டம், இடையில் தாராளமாக ஆறுவதற்கு நேரம். வேகத்தை முற்றாக விட்டுவிட்டால் கால் மந்தமாகும் என்பதால் அதைச் சிறிதளவு வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை மீண்டும் முழு ஓய்வு. வழமையாகக் கிழமைக்கு 280 கிலோமீற்றர் பயிற்சி ஓடுபவன் அந்தக் கிழமை ஓடியது அதில் பாதிக்கும் குறைவு. இரவு ஒன்பதரைக்குப் படுக்கை, கைத்தொலைபேசி தாயாரிடம். பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும் என்பது வைத்தியர்களின் பரிந்துரை. விடியப் பயிற்சி, பகலில் பாடசாலை, மாலையில் ரியூசன், இரவில் பாடம் என்று இருக்கும் எங்கள் பிள்ளைகள் அதில் முக்கால்வாசியும் கொள்வதில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனேன். முற்றத்து வேப்பமரத்தடியில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்து, மண்ணெண்ணெயில் தோய்த்த பழைய பற்தூரிகையால் செயினின் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். பின் ரயரைச் சுழற்றி எனக்கு ஓர் இடத்தைக் காட்டினான். றிம்மை ஒட்டிய பக்கத்தில் விரல் நகம் அளவுக்கு நூல் வெளித்தெரிந்தது. எத்தனை கிழமையாக அப்படி இருந்ததோ தெரியாது. அதோடுதான் ஐந்தாவது போட்டியும் ஆறாவது போட்டியும் ஓடினானோ என்னவோ. ஞாயிற்றுக்கிழமை போட்டி, திங்கட்கிழமை பயிற்சி என்று இருந்தால் சைக்கிளை இப்படி ஆற அமரப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கும்?

தாயார் மட்டும் கவலையோடு இருந்தார். "தம்பி ஓடேல்லைத்தானே எண்டு சோத்தைக் குறைச்சுப் போட்டன்" என்றார். இது பல வீடுகளில் நடக்கும் தவறு. ஓய்வுக் கிழமையில் உடல் வேலை செய்யாமல் இருப்பதில்லை. உள்ளே திருத்த வேலை நடக்கின்றது. அதற்குச் சோறும் வேண்டும், புட்டும் வேண்டும், புரதமும் வேண்டும். மீனும் முட்டையும் உண்பவர்களுக்குச் சிரமம் இல்லை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் மச்சம் தவிர்க்கும் வீடுகளில் பயறு, கடலை, உழுந்து, பால், தயிர் என்பவற்றைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். அவித்த பயறோடு தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும் சேர்த்துக் கொடுக்க எந்த வீட்டிலும் முடியும்.

அடுத்த திங்கட்கிழமை அவனுடைய நாடித் துடிப்பு 54. மீண்டும் பயிற்சியைத் தொடங்கிய முதல் இரண்டு நாட்களும் கால் பாரமாக இருப்பதாகச் சொன்னான். இதை மறைக்கக் கூடாது, ஏனெனில் பலர் இந்தப் பாரத்தைக் கண்டே ஓய்வு கூடாது என்று முடிவெடுத்து விடுகிறார்கள். மூன்றாம் நாள் அது போய்விட்டது. இரண்டு கிழமை கழித்து நடந்த போட்டியில் அவன் முதலாவதாக வரவில்லை, மூன்றாவதாக வந்தான். ஆனால் அதே வல்லை வெளியில், அதே எதிர்க்காற்றில், முன் கூட்டத்துக்குள் இருந்தான். இரண்டு தடவை முன்னால் வந்து காற்றைத் தானே பிடித்தும் கொடுத்தான்.

ஒரு கிழமை விட்டால் எல்லாம் போய்விடும் என்ற பயம் எனக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பெற்றோலும் மின்சாரமும் இல்லாமல், டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலத்தில், பகலில் விறகும் மண்ணெண்ணெயும் சைக்கிளில் ஏற்றி இறக்கி உழைத்துக்கொண்டு, மாலையில் பயிற்சியும் செய்தேன். ஒரு போட்டிக்கு முந்திய நாள் காய்ச்சல் குணத்தோடு, யாருக்கும் சொல்லாமல், நாற்பது கிலோமீற்றர் ஓடினேன். போட்டியன்று முடிவுக் கோட்டைத் தாண்டியதும் விழுந்தது மட்டும் நினைவிருக்கின்றது. பின்னர் ஒரு மணித்தியாலம் தொடர்ந்து உழக்க மூன்று மாதம் சென்றது. எனக்குச் சொல்லித்தர அன்று ஒருவரும் இருக்கவில்லை. காய்ச்சலோடு கடும் பயிற்சி செய்தால் இதயத் தசையில் அழற்சி ஏற்படக்கூடும் என்பதைப் பல வருடம் கழித்தே அறிந்தேன். காலை நாடித் துடிப்பு கூடியிருந்து உடம்பும் சுட்டால் அது ஓய்வுக் கிழமைக்குரிய விடயம் அல்ல, வைத்தியரிடம் போக வேண்டிய விடயம். அதுவும் மாரி காலத்தில் டெங்கு பரவும் எங்கள் ஊரில் ஒருநாளும் தாமதிக்கக் கூடாது.

பயிற்சியை அடியோடு நிறுத்தினாற்கூட, ஒட்சிசனை உள்ளெடுத்துப் பயன்படுத்தும் ஆற்றல் குறிப்பிடத்தக்க அளவு குறைய இரண்டு முதல் நான்கு கிழமைகள் செல்கின்றன. ஒரு கிழமை குறைத்து ஓடுபவன் எதையும் இழக்கப்போவதில்லை. 2007 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முக்கிய போட்டிக்கு முந்திய இரண்டு கிழமைகளில் பயிற்சித் தூரத்தை 41 முதல் 60 சதவீதம் வரை குறைத்து, வேகத்தை மட்டும் குறைக்காமல் வைத்திருந்தவர்களே கூடுதலான பயன் பெற்றதாகக் காட்டியது. துவிச்சக்கரவண்டி ஓட்டத்தின் தாய்வீடான பிரான்சில், 1903 இல் முதன்முறையாக நடந்த நாடு தழுவிய ஓட்டத்தின் ஆறு கட்டங்களுக்கு இடையே பெரும்பாலும் ஓய்வு நாட்கள் விடப்பட்டன. இன்று 21 கட்டங்களாக நடக்கும் அதே ஓட்டத்திலும் வழமையாக இரண்டு ஓய்வு நாட்கள் உண்டு. அந்த நாட்களிலும் வீரர்கள் ஒன்றிரண்டு மணித்தியாலம் மெதுவாக ஓடி விட்டுத்தான் படுக்கிறார்கள். உலகின் தலைசிறந்த வீரர்களுக்கு, அதுவும் அதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு வேண்டியது, உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு ஓடும் எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாமா?

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று தயங்கிய பின்னரே எழுதுகின்றேன். கடும் பயிற்சியும் போதாத சாப்பாடும் சேரும்போது மாதவிடாய் ஒழுங்கு குலைந்து, சில வேளை மாதக்கணக்கில் வராமலே நின்றுவிடும். அதை நல்ல பயிற்சியின் அடையாளம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது முற்றிலும் தவறு. உடலுக்குப் போதிய சக்தி கிடைக்காததன் அறிகுறி அது என்றும், எலும்பின் வலுவையே அது பாதிக்கும் என்றும் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 இல் எச்சரித்திருக்கின்றது. மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஆண் பயிற்றுநரிடம் பிள்ளை இதைச் சொல்லமாட்டாள். ஆகவே தாய்மார் கேட்டறிய வேண்டும். பாடசாலைகளில் ஓர் ஆசிரியையாவது இதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும்.

போட்டிகளை ஒழுங்குசெய்யும் கழகங்களிடமும் சனசமூக நிலையங்களிடமும் என் வேண்டுகோள் இதுதான். நீங்கள் அனுசரணை தேடி, வீதிக்கு அனுமதி பெற்று, இரவு பகலாக உழைத்து இப்போட்டிகளை நடத்துகிறீர்கள். உங்கள் போட்டியைக் குறைக்கும்படி நான் கேட்கவில்லை. அடுத்த ஆண்டுக்கான திகதிகளை மார்கழியிலேயே ஒருவரோடொருவர் கலந்து தீர்மானித்து, பத்தொன்பது வயதுக்குட்பட்டோருக்கு ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிற்றுக்கிழமையைப் போட்டி இல்லாமல் விடுங்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொது ஓய்வுக் கிழமை இருந்தால், "மற்றப் பொடியன் ஓடுறான், நீ ஏன் நிக்கிறாய்?" என்ற கேள்வி வீட்டிலும் ஒழுங்கையிலும் எழாது. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் களைத்த பிள்ளையும் கையெழுத்துப் போட்டு இலக்கத் துண்டை வாங்குகிறான். அத்தோடு, காலை ஆறு மணிக்கு என்று அறிவித்த போட்டியைப் பிரதம விருந்தினரின் வரவுக்காக எட்டரைக்குத் தொடங்குவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். வெயில் ஏறிய பின் ஓடும் ஐம்பது கிலோமீற்றரிலிருந்து உடல் தேறுவதற்கு, விடியலில் ஓடியதிலிருந்து தேறுவதிலும் கூடுதலான நாட்கள் வேண்டும்.

பாடசாலைகளில் ஒரே பிள்ளையே மெய்வல்லுநர் போட்டியிலும் உதைபந்தாட்டத்திலும் துவிச்சக்கரவண்டி ஓட்டத்திலும் நிற்பதுண்டு. மூன்று பொறுப்பாசிரியர்களும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அவனுக்குப் பயிற்சி கொடுத்தால், எவர் கொடுக்கும் ஓய்வும் ஓய்வாக இராது. அவர்கள் கிழமைக்கு ஒருதரம் பத்து நிமிடம் கூடிக் கதைத்தாலே போதும். பெற்றோருக்கு நான் சொல்வது, ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்து, காலையில் நாடித் துடிப்பை எண்ணி எழுத வையுங்கள். வழமையான எண்ணிக்கையிலிருந்து ஐந்து முதல் பத்துவரை கூடி, மூன்று நாள் அப்படியே நின்றால், அந்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டாம்.

எங்கள் ஏழு பிள்ளைகளும் இந்த மாதக் கடைசிக் கிழமையில் ஓய்வில் இருப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருக்கும் ஒரு போட்டிக்கு இரண்டு கழகங்கள் எங்களை அழைத்திருந்தன. இருவரிடமும் நேரில் போய், வர இயலாமையைச் சொல்லிவிட்டேன். அவர்களுள் ஒருவர், அடுத்த முறை திகதி வைக்கும்போது முன்கூட்டியே கேட்பதாகச் சொன்னார்.

இங்ஙனம்,
முன்னாள் துவிச்சக்கரவண்டி ஓட்ட வீரர் ஒருவர்,
கோண்டாவில்.